பூங்கா, கம்பிவடம், காட்டுவழி

நுழையும்முன்

ஓர் ஊரில் பல ஆண்டுகள் வாழ்ந்தும் அவ்வூரை அறியாமல் இருந்துவிட இயலும். வீட்டிற்கும் பள்ளிக்கும் இடையே உள்ள சாலை மட்டும் நன்கு பழகியிருக்கும். மற்றவை பேருந்தின் பெயர்ப்பலகையில் படித்த பெயர்களாகவே நின்றுவிடும். பெற்றோரின் பணி காரணமாகப் புனேயில் வளரும் தமிழ்க் குழந்தைகளுக்கும் இது பொருந்தும். இந்நகரையும் இதனை அடுத்த மலைநாட்டையும் மூன்று வகையான வழிகளில் சென்று அறிவது எவ்வாறு என்பதை இப்பாடம் கூறுகிறது.

ஆற்றுப்படுத்துதல்

தமிழில் ‘ஆறு’ என்னும் சொல் நீரோடும் ஆற்றையும் குறிக்கும், வழியையும் குறிக்கும். ஒருவரை உரிய வழியில் செலுத்துவது ஆற்றுப்படுத்துதல் எனப்படும். வள்ளலிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞர் ஒருவர், வறுமையோடு எதிரே வரும் கலைஞருக்குத் தாம் சென்ற வழியைக் கூறி அனுப்புவதாக அமைந்த நூல்களை ஆற்றுப்படை என்றனர். பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் இவ்வகையைச் சேர்ந்தவை.

அவ்வைந்தனுள் ஒன்று பெருங்கௌசிகனார் இயற்றிய மலைபடுகடாம். நன்னனின் மலைநாட்டிற்குச் செல்லும் கூத்தருக்கு அந்நூல் வழி கூறுகிறது. விருந்து கிடைக்கும் ஊர்களை அது சொல்கிறது. பன்றிகளைப் பிடிக்கப் பொறி வைத்த இடங்களையும், பாம்புகள் மறைந்திருக்கும் குழிகளையும், கால் வழுக்கும் பாறைகளையும் உடன் சொல்கிறது. ஒரு வழி தருவது எது, அவ்வழி கேட்பது எது என்னும் இரண்டையும் கூறுபவரே நல்ல வழிகாட்டி என்பதை அந்நூலால் அறியலாம்.

புனே மாநகரப் பேருந்துக் கழகம் ‘புனே தரிசனம்’ என்னும் பெயரில் சுற்றுலாப் பேருந்தை இயக்குகிறது. நகரின் புகழ்பெற்ற இடங்களை ஒரே நாளில் கண்டுவர அது உதவும். எனினும், பேருந்தின் சன்னல் வழியே காண இயலாத இடங்களும் உள்ளன. அவற்றிற்குக் கால்களால் நடந்து செல்ல வேண்டும். ஓரிடத்திற்குக் கம்பியில் தொங்கியபடியும் செல்லலாம்.

அமைத்த வழி

முதல் வழி பூங்காவினுள் செல்வது. ‘பூங்கா’ என்பது பூவும் காவும் சேர்ந்த சொல். ‘கா’ என்றால் சோலை. மனிதர் விரும்பி நட்டுப் பேணும் சோலையே பூங்கா.

புனேயின் பழைய பூங்காக்களுள் ஒன்று எம்பிரஸ் பூங்கா. பிரித்தானிய அரசி விக்டோரியா இந்தியாவின் பேரரசி எனப் பட்டம் பெற்றதை ஒட்டி இப்பெயர் அமைந்தது. ஏறத்தாழ 39 ஏக்கர் பரப்புள்ள இப்பூங்காவில் வானளாவிய முதுமரங்கள் நிற்கின்றன. ஆண்டுதோறும் சனவரித் திங்களில் இங்கு மலர்க் கண்காட்சி நடைபெறும்.

சிங்ககட் சாலையில் உள்ள பு. ல. தேஷ்பாண்டே பூங்கா வேறு வகையானது. மராத்தி மக்களைத் தம் நகைச்சுவை எழுத்தால் மகிழ்வித்த எழுத்தாளர் ஒருவரின் பெயரை அது தாங்கியுள்ளது. ஜப்பான் நாட்டின் ஒக்கயாமா நகரில், 1700-இல் நிறைவுற்ற கோராக்குவென் என்னும் புகழ்பெற்ற பூங்கா உள்ளது. அதனை முன்மாதிரியாகக் கொண்டே புனேயின் இப்பூங்கா அமைக்கப்பட்டது. இரு நகரங்களின் நட்பிற்கு அடையாளமாகவும் இது விளங்குகிறது.

இங்குள்ள பாதை நேராகச் செல்வதில்லை. புல்மேட்டைச் சுற்றி வளைகிறது. சிறு பாலத்தின்மேல் ஏறுகிறது. நீரோடையின் கரையில் இறங்குகிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் முன்பு மறைந்திருந்த காட்சி ஒன்று வெளிப்படுகிறது. உலாவும் பூங்காக்களை அமைத்த ஜப்பானியர், நடப்பவர் விரையாதிருக்கும் பொருட்டே பாதையை இவ்வாறு வளைத்தனர். இப்பாதையில் இடர் இல்லை. வழி தவறும் அச்சமும் இல்லை. இவ்வழி நம்மிடம் கேட்பது ஒன்றுதான்: அது பொறுமை. ஓடிச் சென்று நிழற்படம் எடுத்துத் திரும்புவோர்க்கு இப்பூங்கா பாதியளவே தென்படும்.

தேய்ந்த வழி

இரண்டாம் வழி குன்றின்மேல் செல்வது. மராத்தியில் குன்றினை ‘டேகடி’ என்பர். புனே நகரின் நடுவே அமைந்த குன்றுகளுள் மிக உயர்ந்தது வேதாள் டேகடி. நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 560 மீட்டர் உயரத்தில் உள்ளது. இக்குன்றின் உச்சியோ ஏறத்தாழ 800 மீட்டர் உயரத்தில் உள்ளது. உச்சியில் வேதாளர் கோயில் இருப்பதால் இப்பெயர் வழங்குகிறது.

இக்குன்றின் பாதைகளை ஒருவர் வரைந்து அமைக்கவில்லை. ஆடுமாடு மேய்ப்போரும், விறகு பொறுக்குவோரும், விடியலில் நடைப்பயிற்சி செய்வோரும் நடந்து நடந்து தேய்ந்தவை அவை. இத்தகைய பாதையைத் தமிழில் ஒற்றையடிப் பாதை என்கிறோம். மலையிலும் காட்டிலும் செல்லும் வழியைப் பழந்தமிழர் ‘அதர்’ என்றனர்.

காலடியில் கிடக்கும் கரிய பாறை, ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு பெருகிப் படிந்து இறுகியது. தக்காணப் பீடபூமியின் பெரும்பகுதி இப்பாறையால் ஆனதே. மழைக்காலத்தில் குன்றின்மேல் பெய்யும் நீர் பாறை வெடிப்புகளின் வழியே மெல்ல உள்ளிறங்கி நிலத்தடி நீராகிறது. குன்றின்மேல் புல்லும் புதரும் இருந்தால் நீர் நின்று இறங்கும். இல்லையேல் மண்ணை அரித்துக்கொண்டு ஓடிவிடும்.

மரங்களை உற்றுநோக்குவதும் இங்குப் பயன் தரும். நறுமணப் பிசின் தரும் பறங்கிச்சாம்பிராணி மரம் இம்மண்ணுக்கு உரியது. கொத்துக்கொத்தாக இளஞ்சிவப்புப் பூக்களைத் தரும் கிளைரிசிடியாவோ நடு அமெரிக்காவிலிருந்து வந்தது. மொட்டையாக இருந்த குன்றுகளை விரைவில் பசுமையாக்கும் பொருட்டு நடப்பட்டது. தமிழ்நாட்டு உழவர் தழையுரத்திற்காக வளர்ப்பதும் இம்மரத்தையே. எனினும், இது அடர்ந்து பரவிய இடங்களில் உள்ளூர்ப் புல்வகைகள் குறைந்துவிட்டன என்று இயற்கை ஆர்வலர் கவலை கொள்கின்றனர். பசுமையாகத் தோன்றுவன எல்லாம் காடாகிவிடா என்பதை இக்குன்று கற்பிக்கிறது.

குன்றின்மேல் கைவிடப்பட்ட கல்குவாரி ஒன்று உள்ளது. அதில் தேங்கிய நீரை நாடிப் பறவைகள் வருகின்றன. அதிகாலையில் சென்றால் மயிலின் அகவலைக் கேட்கலாம்.

இக்குன்றைப் பற்றி ஒரு வழக்கும் நகரில் நிலவுகிறது. போக்குவரத்து நெரிசலைக் குறைக்கக் குன்றின் ஓரமாகச் சாலையும், குன்றைக் குடைந்து சுரங்கப் பாதையும் அமைக்கத் திட்டங்கள் வகுக்கப்பட்டன. நெரிசலில் நாள்தோறும் நேரத்தை இழப்போர் புதிய சாலையை எதிர்பார்க்கின்றனர். குன்றைக் காக்க விரும்புவோரோ, நிலத்தடி நீரும் உயிரினங்களும் அழிந்தால் மீட்க இயலாது என்கின்றனர். 2023-இல் குன்றைக் காக்க வேண்டி மக்கள் திரளாகப் பேரணி சென்றனர். இருதரப்பார் கேட்பதும் வழியே. எந்த வழிக்கு எதனை விலையாகத் தருவது என்பதே வினா. அவ்வினாவிற்கு விடை கூற விரும்புவோர், குன்றின்மேல் ஒருமுறையேனும் நடந்திருத்தல் வேண்டும். நெரிசலில் ஒருமுறையேனும் காத்திருத்தலும் வேண்டும்.

தொங்கும் வழி

மூன்றாம் வழியைக் காண நகரை விட்டு மேற்கே செல்ல வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாம்ஹிணி கணவாய் வழியாகக் கடந்து, நூறு கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்தால் இராய்கட் கோட்டையின் அடிவாரத்தை அடையலாம். 1674-இல் சிவாஜி முடிசூடிக்கொண்ட தலைநகர் இது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 820 மீட்டர் உயரத்தில், செங்குத்தான பாறைகளின்மேல் அமைந்துள்ளது. பகைவர் எளிதில் ஏற இயலாத இடம் என்பதற்காகவே இது தேர்ந்தெடுக்கப்பட்டது.

ஏறுவதற்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் உள்ளன. 1996 முதல் கம்பிவட ஊர்தியும் இயங்குகிறது. மக்கள் இதனை ‘ரோப்வே’ என்பர். பழனி மலையில் 2004 முதல் இயங்கும் இத்தகைய ஊர்தியைத் தமிழ்நாட்டு மக்கள் ‘ரோப் கார்’ என்பர். இராய்கட்டின் கம்பிவடப் பாதை ஏறத்தாழ 750 மீட்டர் நீளமுடையது. ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்தை நான்கு நிமிடங்களில் ஏறிவிடுகிறது.

தேரை இழுக்கும் பெருங்கயிற்றை வடம் என்கிறோம். பல புரிகளை முறுக்கி வடம் திரிப்பதுபோல், எஃகுக் கம்பிகள் பலவற்றை முறுக்கியே கம்பிவடம் செய்யப்படுகிறது. ஒரு கம்பி அறுந்தாலும் மற்றவை சுமையைத் தாங்கும். ஊர்தி இயங்கும் முறையைக் கிணற்று இராட்டினத்தைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். கயிற்றின் இரு முனைகளிலும் வாளி கட்டி இறைத்தால், ஒன்று இறங்கும்போது மற்றொன்று ஏறும். இறங்கும் வாளியின் எடை ஏறும் வாளிக்குத் துணையாகும். அதுபோலவே மலைகளில் உள்ள ஊர்திகள் பலவற்றில், இறங்கும் பெட்டி ஏறும் பெட்டிக்கு உதவுகிறது. எஞ்சிய விசையை மட்டும் மின்பொறி தந்தால் போதும்.

காற்று கடுமையாக வீசும்போது ஊர்தியை நிறுத்திவிடுவர். அப்போது காத்திருப்பதே அறிவுடைமை. நான்கு நிமிடங்களில் ஏறியவர்க்குக் கோட்டையின் உயரம் கண்ணுக்குத் தெரியும், கால்களுக்குத் தெரியாது. ஆனால் படியேற இயலாத முதியோரும், ஊன்றுகோலின் துணையால் நடப்போரும் இவ்வழியாலேயே கோட்டையைக் காண்கின்றனர். ஆதலால் இதனைச் சோம்பலின் வழி என்று இகழ்தல் தகாது.

வழியே இல்லாத இடத்தில்

ஊர்தி புறப்படும் சிற்றூரின் பெயர் ஹிரக்கணி வாடி. அப்பெயருக்குப் பின்னே மராட்டிய நாட்டில் வழங்கும் கதை ஒன்று உண்டு. ஹிரக்கணி என்பவள் கோட்டைக்குள் பால் விற்கும் பெண். ஒருநாள் அவள் விற்று முடிப்பதற்குள் பொழுது சாய்ந்தது. கோட்டைக் கதவுகள் அடைக்கப்பட்டன. விடியும்வரை திறக்கலாகாது என்பது கட்டளை. வீட்டில் அவளுடைய கைக்குழந்தை பசியோடு இருந்தது. காவலர் இரங்கவில்லை. மலையின் ஒரு பக்கம் மிகச் செங்குத்தானது ஆதலால் அங்கு மதில் எழுப்பப்படவில்லை. இருளில் அப்பாறையின் வழியே, முள்ளும் கல்லும் கிழிக்க, அவள் கைகளாலும் கால்களாலும் பற்றி இறங்கிக் குழந்தையிடம் சென்றாள்.

மறுநாள் செய்தியறிந்த சிவாஜி அவளைப் பாராட்டிப் பரிசளித்தார். அவள் இறங்கிய இடத்தில் கொத்தளம் ஒன்றை எழுப்பி, அதற்கு அவள் பெயரையே இட்டார் என்று கதை முடிகிறது. ‘ஹிரக்கணி கொத்தளம்’ இன்றும் அங்கு நிற்கிறது. அது தாயின் துணிவைப் போற்றும் நினைவுச்சின்னம். ஒரு பெண் இறங்கிய இடத்தில் பகைவன் ஏறக்கூடும் என்பதால் அவ்வழியை அடைத்த மதிலும் அதுவே. இன்று அவள் பெயர் கொண்ட ஊரிலிருந்து கண்ணாடிப் பெட்டியில் அமர்ந்து மேலே செல்வோர், ஒருகணம் அப்பாறையை நோக்குதல் வேண்டும்.

அமைத்த வழி பொறுமையைக் கேட்கிறது. தேய்ந்த வழி கவனத்தைக் கேட்கிறது. தொங்கும் வழி அதனைத் தாங்குவோர்மீது நம்பிக்கையைக் கேட்கிறது. பயணம் முடித்த மாணவர், அடுத்துச் செல்வோர்க்கு இவற்றை எடுத்துக் கூறுவாராயின், அவர் கூறுவதும் ஓர் ஆற்றுப்படையே.

தெரிந்து தெளிவோம்

1689-இல் இராய்கட் முகலாயர் வசமானது. சிவாஜியின் மகன் இராஜாராம் தெற்கே சென்று, தமிழ்நாட்டின் செஞ்சிக் கோட்டையில் இருந்து ஆட்சி செய்தார். 2025-இல் யுனெஸ்கோ, மராட்டியர் காலப் படைநிலைக் கோட்டைகள் பன்னிரண்டினை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அவற்றுள் பதினொன்று மகாராட்டிரத்தில் உள்ளன. இராய்கட் அவற்றுள் ஒன்று. பன்னிரண்டாவது, செஞ்சி.

சொல்லும் பொருளும்

ஆறு – வழி, நீரோடும் ஆறு
பரிசில் – வள்ளல் வழங்கும் கொடை
அதர் – மலையிலும் காட்டிலும் செல்லும் வழி
கணவாய் – மலைகளுக்கு இடையே உள்ள வழி
புரி – கயிற்றின் இழை
கொத்தளம் – மதிலில் புடைத்து நிற்கும் காவல் அரண்
அகவல் – மயிலின் குரல்

மதிப்பீடு

அ. சிறுவினா
1. ஆற்றுப்படை நூல்கள் எவ்வாறு அமைந்துள்ளன?
2. உலாவும் பூங்காவின் பாதை நேராக அமையாததன் காரணம் யாது?
3. ஏறும் ஊர்திக்கு இறங்கும் ஊர்தி துணையாவது எவ்வாறு?

ஆ. நெடுவினா
ஹிரக்கணி கொத்தளம் நினைவுச்சின்னமாகவும் தடையாகவும் விளங்குவதை விளக்குக.

இ. கணக்கிடுக
750 மீட்டர் நீளத்தை ஊர்தி நான்கு நிமிடங்களில் கடந்தால், அது ஒரு நிமிடத்தில் செல்லும் தொலைவு எவ்வளவு?

ஈ. சிந்தனை வினா
குன்றின் வழியே சாலை அமைப்பது குறித்து இரு குழுக்களாகப் பிரிந்து உரையாடுக. பின்னர், எதிர்க்குழுவினர் கூறியவற்றுள் ஏற்கத்தக்க கருத்து ஒன்றினை எழுதுக.

உ. செயல்பாடு
உங்கள் வீட்டருகே உள்ள மரங்கள் ஐந்தினைத் தேர்ந்தெடுங்கள். வகுப்புத் தோழரிடம் மராத்திப் பெயரையும், வீட்டிலுள்ள பெரியோரிடம் தமிழ்ப் பெயரையும் கேட்டு அட்டவணை அமையுங்கள். (எடுத்துக்காட்டு: வட் – ஆலமரம், சிஞ்ச் – புளியமரம்.) பெரியோர்க்கும் பெயர் தெரியாத மரம் இருப்பின், அடுத்த விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது கேட்டு நிரப்புங்கள்.

ஊ. எழுதுக
நீங்கள் நன்கறிந்த ஓர் இடத்திற்குச் செல்லும் வழியை, அங்கு இதுவரை சென்றிராத உறவினர் ஒருவருக்குப் பத்து வரிகளில் கூறுக. வழியின் அழகு ஒன்றும் இடர் ஒன்றும் அதில் இடம்பெறுதல் வேண்டும்.