வெலிங்டனுக்கு மேட்ச் பார்க்கப் போகிற தம்பிக்கு

தம்பி, கல்லூரி ஃபுட்பால் டீம் லிஸ்ட் இன்னும் ஒட்டவில்லை, அதற்குள் உங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் கோல் கணக்கு ஓட ஆரம்பித்துவிட்டது. மூன்றுக்கு ஒன்று என்கிறான் ஒருவன், நாலுக்குப் பூஜ்யம் என்கிறான் இன்னொருவன். ஆட்டம் நடக்கப்போவது நம்ம ராஜபாளையம் கிரவுண்டில் இல்லை. குன்னூருக்குப் பக்கத்தில், வெலிங்டனில், மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டரில் (எம்.ஆர்.சி.), பட்டாளத்துப் பையன்களோடு. குன்னூரில் வேலை பார்த்த காலத்தில் என் பஸ் தினமும் அந்தப் பக்கமாகத்தான் போகும். அதனால் கோல் கணக்கைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, அக்கா சொல்வதைக் கேள்.

முதலில் எதிரே நிற்கப்போவது யார் என்று தெரிந்துகொள். ‘மிலிட்டரிக்காரனுக்கு ஓடத்தான் தெரியும், பந்து ஆடத் தெரியாது’ என்று உன் குரூப்பில் ஒருத்தன் எழுதியிருந்தான். அவனுக்கு இதைப் படித்துக் காட்டு. டூராண்ட் கோப்பை 1888-ல் சிம்லாவில் தொடங்கியதே பட்டாள அணிகளுக்காகத்தான். அந்தக் கோப்பையை 1955-லும் 1958-லும் ஜெயித்தது இதே எம்.ஆர்.சி. அந்த அணியின் கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ். ஹைதராபாத்தில் பிறந்தவர். பட்டாளத்தில் சேர்ந்தபோது முன்னால் நின்று கோல் அடிக்கிறவராக இருந்தார், கோல் போஸ்ட்டுக்கு வந்தது அப்புறம்தான். 1956 மெல்போர்ன், 1960 ரோம் என்று இரண்டு ஒலிம்பிக் பார்த்தார். 1962-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டு இறுதி ஆட்டத்தில் தென்கொரியாவை 2-1 என்று இந்தியா ஜெயித்துத் தங்கம் வாங்கியபோது கோல் போஸ்ட்டில் நின்றவர் அவர்தான். 1967-ல் அர்ஜுனா விருது. பழைய கதைதானே என்று சொல்லாதே. முப்படைகளின் சர்வீசஸ் அணி 2024 மார்ச்சில் கோவாவை 1-0 என்று தோற்கடித்து, சந்தோஷ் டிராபியை ஏழாவது தடவையாக எடுத்துக்கொண்டு போனது. கேலி செய்யத்தான் வேண்டும் என்றால், எதைக் கேலி செய்கிறோம் என்றாவது தெரிந்து செய்யுங்கள்.

அடுத்தது காற்று. குன்னூரும் வெலிங்டனும் கடல் மட்டத்திலிருந்து 6,000 அடி உயரத்தில் இருக்கின்றன. நம்ம ஊரில் தினமும் மலையைப் பார்த்துக்கொண்டே பல் தேய்க்கிறோம். ஆனால் பார்ப்பது கீழே இருந்து. அங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. உதைத்த பந்து கொஞ்சம் கூடுதலாகப் பறக்கும், வளைவது குறையும். கீழே இருந்து போகிறவனுக்குச் சீக்கிரம் மூச்சு வாங்கும். அந்தப் பையன்களோ காலையில் எழுந்ததும் அதே மேட்டில் ஓடுகிறவர்கள். ஆகவே முதல் பாதியில் நாம் கோல் போட்டுவிட்டால் ஆட்டம் முடிந்தது என்று குதிக்காதே. கடைசி இருபது நிமிஷம்தான் அவர்களுடைய நேரம். கேப்டனிடம் சொல், முடிந்தால் அணி ஒருநாள் முன்னதாகவே போய்த் தூங்கி எழுந்து ஆடட்டும். இரவெல்லாம் வேனில் உட்கார்ந்து போய் இறங்கின காலோடு ஆடினால் பிறகு ரெப்ரியைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை.

இது ரசிகர்களுக்கும்தான். தொண்டை கிழியக் கத்துகிறவன் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். குளிர்கிறதே, தாகம் இல்லையே என்று இருந்தால் சாயங்காலம் தலை வலிக்கும்.

போகிற வழி. ராஜபாளையத்திலிருந்து மதுரை, திண்டுக்கல், கோவை, மேட்டுப்பாளையம் என்று 350 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். திருநெல்வேலியில் புறப்பட்டு, தென்காசி, ராஜபாளையம் வழியாக மேட்டுப்பாளையம் வரை வாரம் ஒருமுறை சிறப்பு ரயில் விடுவார்கள். சிறப்பு ரயில் என்பதால் நீட்டித்திருக்கிறார்களா, மேட்ச் நாளுக்கு ஒத்துவருமா என்று டிக்கெட் போடும் முன் பார்த்துவிடு. வேன் பிடிப்பதாக இருந்தால் முதல் வேலை இ-பாஸ். 2024 மே 7 முதல் நீலகிரிக்கு ஏறுகிற வெளிவண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும், உயர் நீதிமன்ற உத்தரவு. வண்டி நம்பர், எத்தனை பேர், எந்தத் தேதி எல்லாம் போட்டு முன்கூட்டியே எடுத்து, டிரைவர் போனிலும் உன் போனிலும் வைத்துக்கொள். அடிவாரத்தில் சிக்னல் தேடிக்கொண்டு நிற்காதே. அரசு பஸ்ஸில் போனால் இந்தத் தொல்லை இல்லை.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவு. வாந்தி வருகிறவனை முன் சீட்டில் உட்கார வை. ஏறும் முன் பரோட்டாவும் சால்னாவும் வெட்டக் கூடாது, இட்லி போதும். எலுமிச்சம்பழம் இரண்டு கையில் இருக்கட்டும். மலைப் பாதையில் யானை நின்றால் செல்பிக்கு இறங்குகிற ஆசாமி உங்கள் கூட்டத்திலும் ஒருத்தன் இருப்பான், அவனை ஜன்னலுக்கு உள்பக்கமாக உட்கார வை. மே மாத சீசனில் ஏறுவதற்குக் குன்னூர் வழி, இறங்குவதற்குக் கோத்தகிரி வழி என்று ஒருவழிப் பாதையாக மாற்றுவார்கள். திரும்புகிற நேரத்தை அதற்குத் தகுந்த மாதிரி கூட்டிப் போட்டுக்கொள். ஐப்பசி, கார்த்திகையில் போனால் மண்சரிவுச் செய்தியைக் காலையில் ஒரு தடவை பார்.

மலை ரயிலில் போகலாமே என்று உன் கூட்டாளி கேட்டானாம். கேட்க நன்றாக இருக்கிறது. கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ஏறுகிற வண்டி அது, 2005-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. வெலிங்டனிலும் ஸ்டேஷன் உண்டு. ஆனால் காலை ஏழு மணிக்கு மேல் மேட்டுப்பாளையத்தில் கிளம்பி அங்கே போய்ச் சேர மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும், டிக்கெட்டும் எப்போதோ தீர்ந்திருக்கும். காலை மேட்ச் என்றால் நீ போய் இறங்கும்போது ரெப்ரி விசில் ஊதி முடித்திருப்பார். இன்னொரு லீவில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போ.

இனி கேட். இதை மட்டும் சத்தமாகக் குரூப்பில் படி.

அது ஸ்டேடியம் இல்லை, பட்டாள முகாம். டிக்கெட் வாங்கி நுழைகிற பேச்சே கிடையாது. யார் யார் வருகிறோம் என்ற பட்டியல் கல்லூரி லெட்டர்பேடில், பிசிக்கல் டைரக்டர் கையெழுத்தோடு முன்னாலேயே போய், அனுமதி வந்திருக்க வேண்டும். கடைசி நிமிஷத்தில் ‘என் சித்தப்பா பையனும் வர்றான்’ என்று ஒருத்தனைச் சேர்க்காதே, அவன் கேட்டுக்கு வெளியே டீக்கடையில்தான் மேட்ச் பார்ப்பான். ஆதார் ஒரிஜினல் எல்லார் கையிலும் இருக்க வேண்டும், போனில் போட்டோ காட்டுவதை நம்பாதே. கல்லூரி ஐ.டி. கார்டும் கழுத்தில் தொங்கட்டும். வெளிநாட்டு மாணவர்கள் உங்களோடு படித்தால் அவர்களுக்குத் தனியாக அனுமதி கேட்க வேண்டியிருக்கும். பி.டி. சாரிடம் இப்போதே சொல்லிவிடு. கேட்டில் வைத்து அந்தப் பையனை மட்டும் திருப்பி அனுப்பினால் பார்க்கச் சகிக்காது.

போனை வாங்கி வைக்கச் சொன்னால் முகம் சுளிக்காமல் கொடு. வைக்கச் சொல்லாவிட்டாலும் கேட், காவல் நிற்கிறவர், வண்டிகள், கட்டிடங்கள் எதையும் படம் எடுக்காதே. ரீல்ஸ் போடுகிற பையன்களுக்கு இதைத் தனியாக உட்கார வைத்துச் சொல். டிரோன் வைத்திருப்பவன் அதை வீட்டில் பூட்டிவிட்டு வரட்டும். பட்டாளத்துப் பச்சை டிசைன் போட்ட டீ-ஷர்ட், பேண்ட் எதுவும் யார் உடம்பிலும் இருக்கக் கூடாது. மரியாதைக்காகப் போட்டேன் என்று நீ சொல்லலாம், அங்கே அதற்குப் பெயர் மரியாதை இல்லை.

வெடி. நாம் விருதுநகர் மாவட்டத்துக்காரர்கள், சிவகாசி கூப்பிடு தூரம். கோல் விழுந்தால் ஒரு சரம் கொளுத்தாமல் சிலருக்குக் கை அடங்காது என்று எனக்குத் தெரியும். ரயிலில் பட்டாசு எடுத்துப் போனால் மூன்று ஆண்டு வரை சிறை, 1,000 ரூபாய் வரை அபராதம், இல்லை இரண்டும். இத்தோடு பட்டாள கேட்டில் பையைத் திறந்து காட்டுகிற காட்சியையும் நினைத்துப் பார். ஒரு பிஜிலி வெடி கூட வேண்டாம். கலர் புகையும் வேண்டாம். உறுமி, தவில் மாதிரி மேளம் வேண்டுமானால் அனுமதிக் கடிதத்திலேயே எழுதிக் கேளுங்கள், சரி என்றால் கொண்டுபோங்கள்.

சாயங்காலம் கொடி இறக்கும் நேரத்தில் பியூகிள் கேட்டால் நடந்துகொண்டிருக்கிற இடத்திலேயே நின்றுவிடு. பேச்சை நிறுத்து. அங்கே இருப்பவர்கள் மறுபடி நடக்க ஆரம்பித்ததும் நீயும் நட.

சவுண்டு விடுவதைப் பற்றி. விடு, நன்றாக விடு, அதற்குத்தானே போகிறீர்கள். ஆனால் ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள். மெட்ராஸ் ரெஜிமெண்ட் 1758-ல் தொடங்கிய படை, காலாட்படைகளில் மூத்தது. அதில் இருப்பவர்கள் தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம் பேசுகிற தென்னாட்டுப் பிள்ளைகள். நீ எந்த மொழியில் திட்டினாலும் புரிந்துகொள்ள அங்கே நூறு பேர் இருப்பார்கள். அவர்களுடைய போர் முழக்கமே ‘வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு’ என்பதுதான். உள்ளூர்க் கூட்டம் அதை எழுப்பினால் நீங்கள் திருப்பிக் கிண்டலாகச் சொல்லக் கூடாது. சண்டைக்களத்தில் அதைச் சொல்லிக்கொண்டு ஓடியவர்கள் திரும்பி வராமலும் இருந்திருக்கிறார்கள். ‘பார்டருக்குப் போ’ வகை ஜோக்குக்கும் தடை. நம்ம பையன்கள் பெயரைச் சொல்லி, கை தட்டி, பாட்டுப் பாடி எவ்வளவு வேண்டுமானாலும் கத்துங்கள். அவர்கள் நல்ல கோல் போட்டால் அதற்கும் நாலு கை தட்டு, ஒன்றும் குறைந்துவிட மாட்டாய்.

தங்கச்சிகளும் வருகிறார்கள் என்றால், அவர்களுக்கு ஒரு மேடம் கூட வரவேண்டும் என்று நீங்களே கேளுங்கள், நிர்வாகம் சொல்லட்டும் என்று காத்திராதீர்கள். மலைப் பாதையில் நல்ல கழிப்பறை நினைத்த இடத்தில் கிடைக்காது. மேட்டுப்பாளையத்தில் ஒருமுறை, குன்னூர் பஸ் ஸ்டாண்டில் ஒருமுறை என்று வண்டியை நிறுத்துவதாக முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். தேதி இல்லாவிட்டாலும் நாப்கின் பையில் இருக்கட்டும். அலைச்சலிலும் குளிரிலும் முன்னேபின்னே ஆகும். பழையதைச் சுற்ற நியூஸ்பேப்பரும் வை. ராத்திரி மலை இறங்குவதைவிடக் குன்னூரில் தங்கிவிட்டுக் காலையில் இறங்குவதே நல்லது. காசு கொஞ்சம் கூடும், அப்பாவிடம் நான் பேசுகிறேன்.

உடுப்பில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. ஸ்வெட்டர், காது மூட ஒரு மப்ளர், மழைக்கு ஒரு கோட், ஈரமானால் மாற்ற ஒரு ஜோடி சாக்ஸ். ஜெர்ஸியை ஸ்வெட்டருக்கு மேலே போடு, கீழே போட்டால் யாருக்குத் தெரியும்? உன் கூட்டாளியின் தம்பி ஸ்கூல் டீமில் ஆடுகிறானே, அவன் உடுமலைக்குத் தெற்கே அமராவதிநகர் சைனிக் பள்ளிக்கு ஆடப் போனால் இந்த மூட்டை எதுவும் வேண்டாம். 1962-ல் தொடங்கிய அந்தப் பள்ளி மலை அடிவாரத்தில், அமராவதி அணைப் பக்கம் இருக்கிறது, நம்ம ஊர் வெயில்தான். கேட் விஷயங்களை மட்டும் அவனும் படித்துக்கொள்ளட்டும்.

பேனர் சண்டை இன்னும் தீரவில்லை என்று கேள்விப்பட்டேன். ராஜபாளையத்துப் பையன்கள் நாயைப் போட வேண்டும் என்கிறார்கள், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பையன்கள் கோபுரத்தைப் போட வேண்டும் என்கிறார்கள். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரத்தில் இருந்துகொண்டு இந்தப் பஞ்சாயத்து. நான் ராஜபாளையத்துக்காரி என்பதால் சொல்லவில்லை, நாயையே போடுங்கள். வெள்ளை உடம்பு, ரோஸ் மூக்கு, தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரியும். 2005-ல் தபால் தலையிலேயே வந்த நாய். கோபுரத்தைப் பேனரில் போட்டால் மழையில் நனைந்து சேற்றில் கிடக்கும், யார் காலிலாவது மிதிபடும். அப்புறம் ஆண்டாள் ஊர்க்காரனே வருத்தப்படுவான். பேனரைத் துணியில் எழுதுங்கள், பிளெக்ஸ் வேண்டாம். நீலகிரியில் பிளாஸ்டிக் விஷயத்தில் கறாராக இருப்பார்கள். தண்ணீர் பாட்டில் கூட ஸ்டீலில்தான் கொண்டுபோக வேண்டும், கடையில் வாங்கிய பாட்டிலை அடிவாரத்திலேயே பிடுங்கிக்கொள்வார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் முகம் வாடாமல் இருக்க அவர்களுக்கு வேறு வேலை கொடு: எதிரணிக்குப் பால்கோவா. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு, விருந்தாளியாகப் போகிற வீட்டுக்கு வேறு என்ன கொண்டுபோவாய்? கிளம்புகிற அன்று வாங்கினால் போதும், குளிர் ஊரில் நன்றாகவே தாங்கும். கவர் போட்டுக் கொடுப்பார்கள், வேண்டாம் என்று சொல்லி அட்டைப் பெட்டியில் எண்ணெய்த்தாள் விரித்துக் கட்டித் தரச் சொல். ஆட்டத்துக்கு முன்னால் கொடுக்காதே, முடிந்தபிறகு கேப்டன் கையால் கொடுக்கட்டும். நம் பையன்களுக்குத் தனியாக ஒரு கிலோ வாங்கி மேலே பெயர் எழுதி வை. இல்லாவிட்டால் அந்தப் பெட்டி திருமங்கலம் தாண்டுவதற்குள் காலி.