கஸ்ரம் லிஸ்ற் எங்கேயும் போகவில்லை: ஷெயார்பொயின்ற் அப்கிரேட்டுக்குப் பிறகு செய்யவேண்டியவை



இந்த எபிசோட்டில் ஷெயார்பொயின்ற் சேர்வர் அப்கிரேட் பற்றிக் கதைச்சிருந்தம். கார் ஓடிக்கொண்டு கேட்டவர்களுக்குக் குறிப்பெடுக்க வசதி இருந்திருக்காது. அதனால் முக்கியமான பகுதியை இங்கே எழுத்தில் தாறன். கட்டளைகளை ஒலிக்கிறபடி எழுதியிருக்கிறன். எழுத்துக்கூட்டிச் சொன்னது எபிசோட்டில் இருக்கு.

ஸ்காபரோவில் இருந்து ஒரு நேயர் கேட்ட கேள்வியோடு தொடங்குவம். அவர் வேலை செய்யிற அமைப்பு, முதியவர்களின் வீடுகளுக்குப் பராமரிப்பாளர்களை அனுப்புகிறது. யார், எந்த வீட்டுக்கு, எத்தனை மணிக்கு என்ற விபரம் எல்லாம் ஒரு கஸ்ரம் லிஸ்றில்தான். சனி, ஞாயிறில் 2016 பதிப்பிலிருந்து சப்ஸ்கிரிப்ஷன் எடிஷனுக்கு மாறினார்கள். திங்கள் காலை லிஸ்ற் திறக்கவில்லை. மேலாளர் சொன்னாராம்: "பழைய எக்ஸெல் பிரதியை வைச்சு லிஸ்றைப் புதுசா உருவாக்குங்கோ." செய்யலாமா என்று நேயர் கேட்கிறார்.

தயவுசெய்து செய்யாதேங்கோ. புது லிஸ்றுக்குப் புது அடையாள எண் வரும், வரிசைகளின் எண்களும் மாறும். அதைப் பார்த்து நிற்கிற லுக்அப் கொலம்கள் எல்லாம் அறுந்துபோகும். யார், எப்போது மாற்றினார் என்ற வரலாறும் போய்விடும். முதியவர் ஒருவரின் வீட்டுக்கு யார் போனார் என்று பிறகு யாராவது கேட்டால் பதில் இருக்காது.

பெட்டியில் வந்தது, வராதது

ரொறன்ரோவில் அபார்ட்மென்ற் மாறினவர்களுக்கு இது விளங்கும். எலிவேற்றர் புக் பண்ணி, பெட்டி எல்லாம் ஏற்றி, புது வீட்டில் இறக்கியாச்சு. ஆனால் சுவரில் பூட்டின தட்டு பழைய வீட்டிலேயே நிற்குது. அப்கிரேட்டும் அப்படித்தான். நகருவது கொன்டென்ற் டேட்டாபேஸ். உங்கள் வரிசைகள், கொலம்கள், இணைப்புகள் எல்லாம் அதற்குள் பத்திரமாக இருக்கு. சேர்வரின் டிஸ்கிலும், வேறு டேட்டாபேஸ்களிலும், வெப் அப்ளிகேஷன் அமைப்புகளிலும் இருந்தவை தாமாக வராது. லிஸ்ற் பிழைகளில் பெரும்பாலானவை இந்த இடைவெளியில்தான் பிறக்குது. எது வரவில்லை என்று கண்டுபிடிக்கிறதுதான் எங்கட வேலை.

1. லிஸ்ற் திறக்கவே இல்லை

யாரோ ஒரு டெவலப்பர் எழுதின லிஸ்ற் டெஃபினிஷன் என்றால், அதன் ஃபீச்சரும் பக்கங்களும் சேர்வர் டிஸ்கில் இருக்கும். டேட்டாபேஸில் அதற்கான முகவரி மட்டும்தான். புது சேர்வரில் அந்த ஃபீச்சர் இல்லையென்றால் பக்கம் திறக்காது.

திரையில் வருகிற கொறிலேஷன் ஐடியைக் கொப்பி பண்ணி, மேர்ஜ்-எஸ்பி லொக் ஃபைல் கட்டளைக்குக் கொடுங்கோ. எல்லாச் சேர்வர்களின் லொக்கிலிருந்தும் அந்த ஒரு பிழைக்குரிய வரிகளை அது சேர்த்துத் தரும். காணாமல் போன ஃபீச்சரின் ஐடி பெரும்பாலும் அதிலேயே நிற்கும்.

சொலூஷன் பொதியைத் தொலைச்சிட்டீங்களா? பழைய ஃபார்மின் கொன்ஃபிக் டேட்டாபேஸில் அது இருக்கு. பவர்ஷெல் மூலம் கோப்பாகச் சேமித்து எடுக்கலாம். ஆகவே பழைய சேர்வரை அவசரப்பட்டு அழிக்காதேங்கோ. எடுத்த பொதியை முதலில் சோதனைச் சேர்வரில் போட்டுப் பாருங்கோ.

2. திறக்குது, ஆனால் வரிசைகள் வருகுதில்லை

எல்லை மீறியது என்று செய்தி வந்தால், அது 5,000 வரிசை வரம்பு. ஒரே வினவலில் ஏறக்குறைய அவ்வளவு வரிசைகளுக்குப் பூட்டு விழுந்தால் எஸ்கியூஎல் சேர்வர் முழு அட்டவணையையும் பூட்டக்கூடும், மற்றவர்கள் காத்திருக்க வேண்டிவரும். அதைத் தடுக்கத்தான் இந்த வரம்பு.

"முந்தி வேலை செய்ததே?" என்று கேட்பீங்கள். பழைய வெப் அப்ளிகேஷனில் யாரோ வரம்பைக் கூட்டி வைத்திருப்பார்கள். அந்த அமைப்பு கொன்டென்ற் டேட்டாபேஸோடு வராது. புது வெப் அப்ளிகேஷன் 5,000 இல் தொடங்கும். திரும்பக் கூட்டுவது சுலபம், ஆனால் சரியான வழி வேறு. திகதி போன்ற ஒரு கொலமை இன்டெக்ஸ் பண்ணி, வியூவில் முதல் வடிகட்டியாக அதையே போடுங்கோ. லிஸ்ற் ஏற்கனவே பெரிசென்றால், நிர்வாகி ஒதுக்குகிற தினசரி நேர இடைவெளியில் இன்டெக்ஸைச் செய்யலாம்.

3. சில கொலம்கள், சில சைற்கள் மட்டும்

மனேஜ்ட் மெற்றாடேட்டா கொலம் மங்கலாக, தொட முடியாமல் இருந்தால், ரேர்ம் ஸ்ரோர் இருக்கிற தனி டேட்டாபேஸ் வந்து இணைந்திருக்கா என்று பாருங்கோ.

கனடாவில் இன்னொன்றும் உண்டு. பிரெஞ்சில் உருவாக்கின சைற் இருந்தால், புது சேர்வரிலும் பிரெஞ்சு லாங்குவேஜ் பாக் இருக்க வேணும். ஆங்கிலச் சைற் எல்லாம் நல்லாக ஓடி, பிரெஞ்சுச் சைற்றின் லிஸ்ற் மட்டும் அடம் பிடிச்சால் முதலில் அதைப் பாருங்கோ.

அடுத்த முறை, முதலிலேயே

இதெல்லாம் திங்கள் காலை தெரியவேண்டிய விஷயம் இல்லை. டேட்டாபேஸின் பிரதி ஒன்றை இணைக்க முன்பே, டெஸ்ற்-எஸ்பி கொன்டென்ற் டேட்டாபேஸ் கட்டளையை ஓட்டினால் இல்லாத ஃபீச்சர், கோப்பு, வெப் பார்ட் எல்லாவற்றையும் பட்டியல் போடும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் "அப்கிரேட் புளொக்கிங்: ஃபோல்ஸ்" என்று இருக்கலாம். இங்கேதான் பலர் ஏமாறுகினம். ஃபோல்ஸ் என்றால் அப்கிரேட் நிற்காது என்று மட்டும்தான் அர்த்தம். லிஸ்ற் வேலை செய்யும் என்று அர்த்தம் இல்லை. எங்கட நேயரின் அறிக்கையிலும் அந்த ஃபீச்சர் இருந்தது. ஃபோல்ஸ் என்று கண்டு தாண்டிப் போயிருக்கினம்.

திகதியையும் குறிச்சு வையுங்கோ. ஷெயார்பொயின்ற் 2016, 2019 இரண்டுக்கும் ஆதரவு முடிகிற நாள் 2026 ஜூலை 14. இன்ஃபோபாத் 2013 க்கும் அதே நாள். லிஸ்ற் படிவங்களை இன்ஃபோபாத்தில் செய்தவர்கள் அவற்றுக்கும் மாற்று வழி பார்க்க வேணும். 2013 இல் இன்னும் நிற்கிறவர்கள் நேராகச் சப்ஸ்கிரிப்ஷன் எடிஷனுக்குப் பாய முடியாது. 2016 வழியாகத்தான் வரவேணும்.

நேயர் பொதியைப் பழைய சேர்வரிலிருந்து எடுத்துப் போட்டார். லிஸ்ற் திறந்தது, ஒரு வரிசையும் குறையவில்லை.

உங்கட லிஸ்றில் வேறு மாதிரி மக்கர் இருந்தால் எழுதி அனுப்புங்கோ, பிழைச் செய்தியை அப்படியே சேர்த்து. அடுத்த எபிசோட்டில் சந்திப்பம்.