பழைய பெயின்ட்டின் கீழ் ஒரு வியாபாரம்

பழைய வீடுகள் கைமாறும்போது, பெயின்ட் பூசிய அலுமாரி, மேசை, கதிரைகள் சொற்ப விலைக்குத் தள்ளிவிடப்படுவதுண்டு. அந்தப் பெயின்ட்டின் கீழே தேக்கோ முதிரையோ இருக்கலாம். அவற்றைப் புதுப்பித்து விற்பது, சிறு முதலுடன் வீட்டு முற்றத்திலேயே செய்யக்கூடிய தொழிலாகும்.

வாங்கும்போது: மேற்பரப்பைப் பார்த்து விலை பேசாதீர்கள். மேசையின் அடிப்புறத்தையும் லாச்சி முகப்பின் பின்புறத்தையும் பாருங்கள். அங்கே பெரும்பாலும் பெயின்ட் இருக்காது. மரம் எதுவெனத் தெரிந்துவிடும். லாச்சியின் பக்கப் பலகைகளை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். அவை மலிவான மரமாக இருக்கலாம். சிறு துளைகளோடு புதிய மரத்தூளும் காணப்பட்டால் வண்டு இன்னும் உள்ளே இருக்கக்கூடும்.

பெயின்ட் அகற்றும்போது: இலங்கையில் பெயின்ட்டில் உள்ள ஈயத்துக்குச் சட்ட வரம்பு நடைமுறைக்கு வந்தது 2013இல்தான். எனவே பழைய பெயின்ட்டில் ஈயம் இருப்பதாகவே எண்ணிச் செயற்படுங்கள். ஈயத்தூள் சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். உலர்ந்த நிலையில் தேய்க்கவோ, தீயால் சுடவோ கூடாது. காற்றோட்டமான இடத்தில், கையுறையும் முகக்கவசமும் அணிந்து, பெயின்ட் ரிமூவரைத் தடிப்பாகப் பூசுங்கள். பெயின்ட் பொங்கி எழுந்ததும் மர இழையின் போக்கில் சுரண்டி, கழிவைப் பழைய பத்திரிகையில் சுற்றி அகற்றுங்கள். எஞ்சியதை, தண்ணீரில் பாவிக்கும் அரத்தாளால் தேய்க்கலாம். கோஸ்டிக் சோடாவில் ஊறவிட்டால் வேலை விரைவில் முடியும். ஆனால் மரம் கறுத்து, பசையிட்ட மூட்டுகளும் தளர்ந்துவிடும்.

மெருகிடும்போது: மரம் நன்கு உலர்ந்த பின் 120, 180, 240 என்ற வரிசையில் அரத்தாள் பாவியுங்கள். அரக்குப் பொலிஷ் அலுமாரிக்கு அழகு தரும். ஆனால் சூடான கோப்பை வைத்தால் தடம் பதியும் என்பதால், சாப்பாட்டு மேசைக்கு வார்னிஷே ஏற்றது. தடிப்பாக ஒருமுறை பூசுவதை விட மெல்லியதாக மூன்று முறை பூசுவது மேல்.

விலை குறிக்கும்போது: கொள்விலை, ஏற்றுக்கூலி, பொருட்செலவு ஆகியவற்றுடன் உங்கள் உழைப்பு நேரத்தையும் சேருங்கள். சொந்த உழைப்பைக் கணக்கில் எடுக்காதவர், இலாபம் என்று எண்ணிக் கூலியையே எண்ணிக்கொண்டிருப்பார்.

விற்கும்போது: தானியக் குவியலுக்குள் கையை விட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக்கூடாதா என வியாபாரியிடம் கேட்டார்கள். வெடிப்பில் புட்டி அடைத்து நிறம் பூசி மறைப்பதும் அந்த ஈரம் போன்றதே. வாங்கும்போது நாம் அடிப்புறத்தைப் பார்த்தோம். விற்கும்போது வாடிக்கையாளருக்கும் அதைக் காட்டுவோம். விலை சற்றுக் குறைந்தாலும் பரக்கத் குறையாது, இன்ஷா அல்லாஹ்.