வாடகை வீட்டைப் பார்க்கப் போகும் செலவு: மைல் கணக்கா, ரசீது கணக்கா?

வேலை மாறும்போது அமெரிக்காவில் ஊரும் மாறுகிறது. வாங்கிய வீடு மட்டும் பழைய ஊரிலேயே நின்றுவிடுகிறது. ஹூஸ்டன் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு டாலஸ் புறநகரில் குடியிருக்கும் குடும்பத்துக்கு, அந்த வீட்டைப் பார்த்துக்கொள்வது என்றால் போக 240 மைல், வர 240 மைல். குடியிருப்பவர் காலி செய்தால் ஒரு பயணம், வாட்டர் ஹீட்டர் பழுதானால் இன்னொரு பயணம். ஏப்ரலில் வருமான வரிப் படிவத்தை நிரப்ப உட்காரும்போது கேள்வி எழுகிறது. பெட்ரோல், இன்சூரன்ஸ் ரசீதுகளைக் கூட்டிப் போடுவதா, மைலுக்கு இவ்வளவு என்று போடுவதா?

இரண்டுமே ஐ.ஆர்.எஸ். ஏற்கும் வழிகள்தான். இரண்டில் எதில் வந்தாலும் தொகை போய்ச் சேரும் இடம் ஒன்றே: வாடகை வருமானத்தைக் காட்டும் ஷெட்யூல் இ படிவத்தில் ‘வாகனம், பயணம்’ என்ற வரி. ஆனால் வழியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன், அந்தப் பயணம் கழிவுக்கு உரியதுதானா என்று பார்க்க வேண்டும். எங்கிருந்து கிளம்பினார்கள், எதற்காகப் போனார்கள் என்ற இரண்டும்தான் அதை முடிவு செய்கின்றன. கழிவுகள் பெரும்பாலும் அடிபடுவது இங்கேதான்.

முதலில் கிளம்பிய இடம். ஒரே ஊரில் குடியிருப்பு வீடும் வாடகை வீடும் இருந்தால், வீட்டிலிருந்து வாடகை வீட்டுக்குக் காரில் போய்வருவதை, அலுவலகத்துக்குப் போய்வருவதைப் போன்ற சொந்தச் செலவாகவே ஐ.ஆர்.எஸ். பொதுவாகக் கருதுகிறது. குடியிருக்கும் வீடே தொழிலின் முதன்மை இடமாக இருந்தால் மட்டும் விலக்கு உண்டு. அதற்கு வாடகை நிர்வாகம் ஒரு தொழில் என்று சொல்லும் அளவுக்கு நடக்க வேண்டும். வீட்டில் ஓர் இடம் அந்த வேலைக்கென்றே ஒதுக்கப்பட்டு, தொடர்ந்து பயன்பட வேண்டும். ஒரே ஒரு வீட்டை வாடகைக்கு விட்டு, மாதம் ஒருமுறை சாப்பாட்டு மேஜையில் கணக்குப் பார்ப்பவருக்கு இது பொருந்துவது கடினம். இரண்டு வாடகை வீடுகள் வைத்திருப்பவர் முதல் வீட்டிலிருந்து இரண்டாவது வீட்டுக்குப் போகும் மைல்கள் கணக்கில் வரும். தன் வீட்டிலிருந்து முதல் வீட்டுக்குப் போன மைல்கள் வருவதில்லை. இரவு தங்கித் திரும்ப வேண்டிய தூரத்தில் இருக்கும் வீடு வேறு வகை. பயணத்தின் முதன்மை நோக்கம் வாடகை வசூலிப்பதோ வீட்டை நிர்வகிப்பதோ பராமரிப்பதோ ஆக இருந்தால் பயணமும் தங்கும் செலவும் கழியும், சாப்பாட்டுச் செலவில் பாதியும் கழியும்.

அடுத்தது நோக்கம். ஒழுகும் குழாயைச் சரிசெய்யவோ புதிய குடித்தனக்காரரைப் பார்த்துப் பேசவோ போனால் அது பராமரிப்பு, நிர்வாகம். கூரையை முழுவதும் மாற்றவோ சமையலறையை இடித்துப் புதிதாகக் கட்டவோ போனால் அது மேம்பாடு. அதற்காகவே போன பயணத்தின் செலவை அந்த ஆண்டே கழிக்க முடியாது. மேம்பாட்டுச் செலவு, குடியிருப்பு வாடகை வீட்டுக்கு உரிய 27.5 ஆண்டுத் தேய்மானமாகச் சிறிது சிறிதாகத்தான் கழியும். ஒரே பயணத்தில் இரண்டு வேலையும் நடந்தால், எது முதன்மையாக இருந்தது என்பதைக் காட்டும் குறிப்பு வேண்டும்.

இந்த இரண்டையும் தாண்டிய பயணத்துக்கே மைலா, ரசீதா என்ற கேள்வி.

மைல் வழியில் ஐ.ஆர்.எஸ். ஒவ்வோர் ஆண்டும் ஒரு விகிதத்தை அறிவிக்கிறது. 2024இல் மைலுக்கு 67 சென்ட், 2025இல் 70 சென்ட். பெட்ரோல், ஆயில், டயர், பழுது, இன்சூரன்ஸ், பதிவுக் கட்டணம், தேய்மானம் எல்லாம் அதற்குள் அடக்கம். பார்க்கிங், டோல் மட்டும் தனியே சேர்த்துக்கொள்ளலாம். ரசீது வழியில், காருக்கு ஆண்டு முழுவதும் ஆன செலவைக் கூட்டி, தேய்மானத்தையோ லீஸ் தொகையையோ சேர்த்து, மொத்த மைல்களில் வாடகை வேலைக்கு ஓடிய பங்கு எத்தனை சதவீதமோ அதை மட்டும் கழிக்க வேண்டும்.

ஹூஸ்டன் வீட்டையே கணக்காக எடுத்துக்கொள்ளலாம். 2025இல் நான்கு பயணம் என்றால் 1,920 மைல். மைல் வழியில் 1,344 டாலர். கார் அந்த ஆண்டில் மொத்தம் 12,000 மைல் ஓடியது என்றால் வாடகை வேலையின் பங்கு 16 சதவீதம். புதிய, விலை கூடிய கார், தேய்மானத்தோடு ஆண்டுச் செலவு 9,600 டாலர் என்று வைத்துக்கொண்டால், ரசீது வழியில் 1,536 டாலர் வரும்; மைல் வழியைவிட 192 டாலர் கூடுதல். கடன் முடிந்த பழைய டொயோட்டா, ஆண்டுச் செலவு 4,200 டாலர்தான் என்றால் ரசீது வழியில் 672 டாலர் மட்டுமே; மைல் வழியில் பாதி. சிக்கனமான காரை நெடுநாள் ஓட்டும் குடும்பங்களுக்கு மைல் வழிதான் லாபம். விலை கூடிய காராக இருந்தாலும், 192 டாலர் கழிவுக்காக ஓராண்டு ரசீதுகளைச் சேர்த்துவைப்பது தேவையா என்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு கதவு ஒருபக்கம்தான் திறக்கும். சொந்தக் காருக்கு மைல் வழி வேண்டுமென்றால், அந்தக் கார் வாடகை வேலைக்கு வந்த முதல் ஆண்டிலேயே அதைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். பிறகு ரசீது வழிக்கு மாறலாம். முதல் ஆண்டிலேயே ரசீது வழியில் போனால், அந்தக் காருக்கு மைல் வழி பிறகு கிடைக்காது. லீஸ் கார் என்றால் மைல் வழியில் தொடங்கியவர் லீஸ் முடியும்வரை அதிலேயே தொடர வேண்டும். ஆகவே எதில் போவது என்று தெளிவாகத் தெரியாத முதல் ஆண்டில் மைல் வழியே பாதுகாப்பானது. எந்த வழியானாலும் 4562 படிவத்தின் ஐந்தாம் பகுதியை நிரப்பி இணைக்க வேண்டும். பயணத்துக்கு எழுத்துச் சான்று இருக்கிறதா என்று அந்தப் படிவம் நேராகவே கேட்கிறது.

எழுத்துச் சான்று இந்த விஷயத்தில் உயிர்நாடி. 1930இல் பிராட்வே நாடகக்காரர் ஜார்ஜ் எம். கோஹன் வழக்கில், ரசீது இல்லாவிட்டாலும் நியாயமான மதிப்பீட்டை ஏற்கலாம் என்று நீதிமன்றம் சொன்னது. 1962இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, பயணச் செலவுக்கு அந்தச் சலுகையை எடுத்துவிட்டது. இன்று தேதி, இடம், மைல், நோக்கம் நான்கும் பதிவில் இல்லாவிட்டால், உண்மையாகவே போய்வந்திருந்தாலும் கழிவு நிற்காது. ஓட்டல் ரசீது எவ்வளவு சிறிய தொகையானாலும் வேண்டும். மற்றச் செலவுகளுக்கு 75 டாலரிலிருந்து ரசீது கட்டாயம். போன அன்றே போனில் ஒரு வரி குறித்துவைப்பது, மார்ச்சில் காலண்டரைப் பார்த்து நினைவுபடுத்தி எழுதுவதைவிடப் பல மடங்கு வலுவான சான்று.

சென்னையில் ஃபிளாட் வைத்திருக்கும் அமெரிக்கத் தமிழர்களுக்குக் கணக்கு இன்னும் நுணுக்கமானது. இந்திய வருமான வரியில் வீட்டு வாடகைக்கு, உள்ளாட்சி வரி போக 30 சதவீதம் நிலையான கழிவு உண்டு, கடன் வட்டியும் கழியும். பயணச் செலவுக்கென்று தனி இடம் கிடையாது. ஒருமுறை போனாலும் பத்துமுறை போனாலும் அதே 30 சதவீதம்தான். அமெரிக்கா தன் குடிமக்களிடமும் பச்சை அட்டைக்காரர்களிடமும் உலக வருமானம் முழுவதையும் கேட்பதால், அதே வாடகை ஷெட்யூல் இ படிவத்திலும் ஏறுகிறது. அங்கே பயணத்தைக் கழிக்கலாம், ஆனால் நோக்கம் வீடாக இருக்க வேண்டும். வீட்டு வேலைக்காகவே போய், வெளிநாட்டில் ஏழு நாளோ அதற்குக் குறைவாகவோ இருந்தால், நடுவில் சொந்த வேலை கொஞ்சம் இருந்தாலும் விமானக் கட்டணம் முழுவதும் கழியும். கிளம்பிய நாளைக் கணக்கில் சேர்ப்பதில்லை; திரும்பிய நாள் சேரும். ஏழு நாளைத் தாண்டினாலும் சொந்த நாட்கள் கால்வாசிக்குக் குறைவாக இருந்தால் முழுக் கட்டணம் நிற்கும். அதற்கு மேல் போனால் பங்கு பிரிக்க வேண்டும். மூன்று வாரத் திருமணப் பயணத்தில் இரண்டு நாள் ஃபிளாட்டைப் பார்த்தால் டிக்கெட் கழியாது. அந்த இரண்டு நாளில் பிளம்பரைப் பார்க்கவும் சொத்து வரி கட்டவும் போன டாக்ஸிக் கட்டணம் கழியும்.

போகாமலே இருப்பதும் ஒரு வழிதான். வீட்டு நிர்வாக நிறுவனங்கள் வாடகையில் 8 முதல் 10 சதவீதம் வரை கேட்பது வழக்கம். 2,000 டாலர் வாடகைக்குப் பத்து சதவீதம் என்றால் ஆண்டுக்கு 2,400 டாலர். அதுவும் முழுக்கக் கழியும், மைல் குறிப்பும் தேவையில்லை. ஆனால் கழிவு என்பது பணம் திரும்பக் கிடைப்பது அல்ல. 24 சதவீத வரி அடுக்கில் இருப்பவருக்கு 1,344 டாலர் கழிவு மிச்சப்படுத்துவது சுமார் 322 டாலர். நான்கு வார இறுதிகளையும் நெடுஞ்சாலையில் கழிக்கும் களைப்பையும் இந்த எண்ணோடு வைத்துப் பார்த்தால், சிறு குழந்தைகள் உள்ள குடும்பத்துக்கு நிர்வாக நிறுவனமே மேல்.

கணவன், மனைவி இருவரும் ஐ.டி. வேலையில் இருக்கும் குடும்பங்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். எல்லாச் செலவும் போக வாடகைக் கணக்கு நஷ்டத்தில் முடிந்தால், நிர்வாகத்தில் பங்கெடுக்கும் உரிமையாளர் ஆண்டுக்கு 25,000 டாலர் வரை அந்த நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்கலாம். 1986இல் வந்த இந்தச் சலுகை, வருமானம் 1,00,000 டாலரைத் தாண்டும்போது தேயத் தொடங்கி 1,50,000இல் முற்றிலும் நின்றுவிடுகிறது. அதற்கு மேல் சம்பாதிப்பவருக்கு ஹூஸ்டன் மைல்கள் வாடகையைக் குறைத்துக் காட்டப் பயன்படும். நஷ்டமாக மிஞ்சும் பகுதி அந்த ஆண்டு வரியைக் குறைக்காது. அது 8582 படிவத்தின் வழியாக அடுத்தடுத்த ஆண்டுகளுக்கு நகர்ந்து, வருங்கால வாடகை லாபத்தில் கழியும், அல்லது வீட்டை விற்கும் ஆண்டில் மொத்தமாக வெளிவரும். அதனால் இந்த ஆண்டு பயனில்லை என்று மைல் குறிப்பைத் தூக்கி எறிவது நஷ்டம். வீடு கைமாறும்வரை அந்தப் பதிவுகளைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.