கொழுப்பு சிதைந்து பிறப்பதெல்லாம் நஞ்சா?

நம்பிக்கை: உடலில் கொழுப்பு ஆக்சிஜனேற்றம் அடைந்து உண்டாகும் பொருள்கள் வெறும் கழிவு. செல்லைக் கொல்வதைத் தவிர அவற்றுக்கு வேறு வேலை இல்லை.

உண்மை: எல்லாம் அளவைப் பொறுத்தது. செல் சவ்வில் உள்ள ஒமேகா-6 கொழுப்பு அமிலங்கள் சிதையும்போது 4-ஹைட்ராக்சிநோனெனால் என்ற ஆல்டிஹைடு பிறக்கிறது. சுருக்கமாக எச்.என்.இ. அளவு மிஞ்சினால் இது புரதங்களிலும் டி.என்.ஏ.விலும் ஒட்டிக்கொண்டு அவற்றைக் கெடுக்கும். ஆனால் நலமாக இருப்பவரின் இரத்தத்திலும் இது சிறிதளவு எப்போதும் உண்டு.

இத்தாலியின் டூரின் பல்கலைக்கழகத்தில் ஜூசெப்பினா பாரேரா, மாரியோ உம்பெர்ட்டோ டியான்சானி குழுவினர் அந்த இயல்பான அளவை, அதாவது 1 மைக்ரோமோலாரை, எச்.எல்-60 என்ற மனித லுக்கீமியா (இரத்தப் புற்றுநோய்) செல்களுக்குக் கொடுத்தார்கள். செல்லுக்குள் போனதும் எச்.என்.இ. விரைவில் மறைந்துவிடும் என்பதால், திரும்பத் திரும்பக் கொடுத்தார்கள். செல்கள் பெருகும் வேகம் குறைந்தது. ஒரு பகுதி செல்கள் முதிர்ந்த வெள்ளணுக்களாக மாறத் தொடங்கின. இவ்வகை லுக்கீமியாவின் அடிப்படைக் கோளாறே, செல்கள் முதிராமல் பாதியில் நின்று பெருகிக்கொண்டே போவதுதான். அதனால்தான் இந்த முடிவுக்கு இத்தனை மதிப்பு. மரபணுக்களின் செயல்பாட்டிலும் மாற்றம் தெரிந்தது. பெருக்கத்தைத் தூண்டும் சி-மிக் மரபணுவின் வெளிப்பாடு குறைந்தது. செல் பிரிவதற்குத் தேவையான சைக்ளின் டி1, டி2, ஏ ஆகிய புரதங்கள் குறைந்தன. பிரிவதைத் தடுக்கும் பி21 புரதம் கூடியது. வெறும் கழிவுப்பொருள் செல்லின் பெருக்கத்தை இப்படி ஒழுங்குபடுத்தாது. எச்.என்.இ. செல்லுக்குள் செய்தி சொல்லும் மூலக்கூறும்கூட என்பதே என் உறுதியான கருத்து.

நம்பிக்கை: அப்படியானால் இதையே மருந்தாகக் கொடுக்கலாமே.

உண்மை: முடியாது. இது ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்களில் கண்டது. எச்.என்.இ. புற்று செல், நல்ல செல் என்று பார்க்காமல் எதிர்ப்படும் புரதத்தோடு வினைபுரியும். ஆனால் வேறொரு மருந்தால் செல்லை முதிரவைத்துக் குணமாக்கும் வழி நிஜமாகவே இருக்கிறது. ஷாங்காயில் வாங் ஜென்யி குழுவினர் ஒருவகை லுக்கீமியா நோயாளிகள் 24 பேருக்கு ரெட்டினாயிக் அமிலம் கொடுத்து, முடிவை 1988-இல் வெளியிட்டார்கள். 23 பேருக்கு அந்த மருந்து மட்டுமே நோயைத் தணித்தது. அந்த நோயை உண்டாக்கும் கோளாறான புரதத்தையே அது தாக்குகிறது. எச்.என்.இ.க்கு அப்படி ஒற்றை இலக்கு கிடையாது.

நம்பிக்கை: ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை எவ்வளவு சாப்பிட்டாலும் நல்லதுதான்.

உண்மை: ஆக்சிஜனேற்றத்தை முற்றிலும் ஒழிப்பது உடலின் நோக்கம் அல்ல. சில புற்றுநோய் மருந்துகள் ஆக்சிஜனேற்றத்தின் வழியாகவும் செயல்படுகின்றன. லுக்கீமியாவுக்குச் சிகிச்சை பெறுபவர்கள், உங்கள் மருத்துவரிடம் கேட்காமல் அத்தகைய மாத்திரை எதையும் தொடங்காதீர்கள்.