ஓய்வுக்குப் பிறகும் வகுப்பறைக்குச் செல்லலாம்

வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பின், யாருடனும் பேசாமலே பல நாள்கள் கழிகின்றனவா? நீண்டகாலத் தனிமை, மனச்சோர்வும் முதுமை மறதிநோயும் ஏற்படும் அபாயத்தைக் கூட்டும். புதியவற்றைக் கற்பதும் பிறருடன் பழகுவதும் மூளையைச் சுறுசுறுப்பாக வைத்திருக்க உதவும்.

எங்கே கற்கலாம்?
சிங்கப்பூரில் 2016ல் தொடங்கப்பட்ட நேஷனல் சில்வர் அகாடமி மூலம், 50 வயதும் அதற்கு மேற்பட்டவர்களும் பல்கலைக்கழகங்கள், பலதுறைத் தொழிற்கல்லூரிகள் போன்றவற்றில் கற்கலாம். தேர்வு எழுதத் தேவையில்லாத பாடங்களும் உண்டு.

செலவு அதிகமாகுமா?
தகுதிபெறும் சிங்கப்பூரர்களுக்குக் கட்டணக் கழிவு உண்டு. பல வகுப்புகளுக்கு உங்கள் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகையையும் பயன்படுத்தலாம்.

இளையரிடமிருந்து கற்கலாமா?
தலைமுறைகளுக்கிடையிலான கற்றல் திட்டத்தில் மாணவர்களே உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். உங்கள் அனுபவங்களை அவர்களுடன் பகிர்ந்துகொள்ளுங்கள். அவர்களுக்கும் அது பாடம்தான்.

“இந்த வயதில் படிப்பா?” என்று தயங்குகிறீர்களா?
• பதிவு செய்யுமுன், வகுப்பு எந்த மொழியில் நடக்கும் என்று கேளுங்கள்.
• தெரிந்தவர் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.
• மூக்குக்கண்ணாடி, செவித்துணைக் கருவி ஆகியவற்றை மறக்காதீர்கள்.
• ஒரு குறுகிய வகுப்பிலிருந்து தொடங்குங்கள்.

பதிவு செய்வதில் சிரமமா? அருகிலுள்ள துடிப்பாக மூப்படையும் நிலையத்தில் உதவி கேளுங்கள்.