பேன் பொறுக்கும் மீனுக்கும் பசிக்கும்

தூத்துக்குடிக்கு எதிரே வான் தீவு, காசுவார் தீவு. அவற்றைச் சுற்றியுள்ள பவளப் பார்களில் ஒரு சின்ன மீன் வாழ்கிறது. விரல் நீளம்தான் இருக்கும். நீல உடம்பு, தலையிலிருந்து வால் வரை ஒரு கறுப்புக் கோடு. தன்னை ஒரே வாயில் விழுங்கிவிடக்கூடிய கலவாவின் வாய்க்குள் அது நுழையும், செவுள் வழியாக வெளியே வரும், பிறகு மறுபடியும் நுழையும். கலவா வாயைத் திறந்தபடி அசையாமல் நிற்கும். பின்னால் விளமீன்கள் முறைக்காகக் காத்து நிற்கும். மாட்டோடு அலைந்து உண்ணி பொறுக்கும் கொக்கின் வேலையைத்தான் இந்தத் துப்புரவு மீன் கடலுக்கடியில் செய்கிறது. பெரிய மீன்களின் தோலிலும் செவுளிலும் ஒட்டிய பேன்களைத் தின்று அது பிழைக்கிறது.

இதே வேலையை வட அட்லாண்டிக்கில் சில மீன்கள் கூண்டுக்குள் செய்கின்றன. நார்வேயில் சால்மன் வளர்க்கும் கூண்டுகளில் கடல் பேன் பெருந்தொல்லை. அது சால்மனின் தோலையும் சதையையும் அரித்துப் புண்ணாக்கும். 1980-களின் கடைசியில் நார்வே ஆய்வாளர் ஆஸ்முண்ட் பியோர்டால், ராஸ் வகை மீன்களைக் கூண்டில் விட்டால் அவை இந்தப் பேனைத் தின்னும் என்று சோதனை செய்து காட்டினார். பிறகு லம்ப் மீன் என்ற உருண்டை மீனையும் சேர்த்துக்கொண்டார்கள். 2019 வாக்கில் நார்வேயில் மட்டும் ஓர் ஆண்டில் சுமார் 6 கோடித் துப்புரவு மீன்கள் கூண்டுகளுக்குள் விடப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவை சால்மன் அறுவடை வரைகூட உயிரோடு இருக்கவில்லை.

சால்மனே வளராத முத்துக்கரையில் இதைப் பேசக் காரணம் உண்டு. கடலில் கூண்டு போட்டு மீன் வளர்க்கும் தொழில் நம் மன்னார் வளைகுடாவுக்கு வந்து சில ஆண்டுகள் ஆகிவிட்டன. கூடவே, மீனைப் பற்றிய பழைய நம்பிக்கைகளும் கூண்டுக்குள் போகின்றன.

நம்பிக்கை: பேனைத் தின்றே அது பிழைத்துக்கொள்ளும். தனித் தீனி எதற்கு?

பெருங்கேட்டை விளைவித்த நம்பிக்கை இதுதான். நார்வேயில் ஒரு சால்மனுக்கு முதிர்ந்த பெண் பேன் சராசரியாக அரைக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. அதாவது இரண்டு மீனுக்கு ஒரு பேன். பண்ணை நன்றாக நடந்தால் கூண்டில் பேன் மிக அரிதாகவே இருக்கும். பேனை மட்டும் நம்பி விட்ட மீன் தன் வேலையை எவ்வளவு ஒழுங்காகச் செய்கிறதோ அவ்வளவு சீக்கிரம் பட்டினி கிடக்கும்.

ராஸ் மீனின் உடலமைப்பு இதை இன்னும் கடுமையாக்குகிறது. அந்த மீனுக்கு இரைப்பையே கிடையாது. ஒரு வேளை வயிறு முட்டத் தின்றுவிட்டு நாள் முழுக்கத் தாக்குப்பிடிக்க அதனால் முடியாது. பாறை இடுக்குகளில் நண்டு, நத்தை, சிப்பி என்று பகலெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொறித்துக்கொண்டே இருக்க வேண்டிய பிறவி. சால்மனுக்குப் போடும் தீவனக் குச்சியை அதன் சின்ன வாயால் பிடிக்கவும் முடியாது. நல்ல பண்ணைகள் இப்போது துப்புரவு மீனுக்கென்று தீவனத்தைக் கட்டியாக்கி, அது ஒதுங்கும் இடத்திலேயே தொங்கவிடுகின்றன. மீன் தனக்குப் பசிக்கும்போது வந்து கொறித்துக்கொள்கிறது. பேன் தின்பதை அது இதனால் நிறுத்திவிடுவதில்லை. மெலிந்து நோயில் கிடக்கும் மீனைவிடத் தெம்புள்ள மீனே தேடித் தின்னும்.

அடுத்தது ஓய்வு. ராஸ் மீன் இரவில் தூங்கும், அதற்கு மறைவிடம் வேண்டும். லம்ப் மீனின் வயிற்றில் உறிஞ்சு வட்டு ஒன்று இருக்கிறது, வழவழப்பான பரப்பில் அதனால் ஒட்டிக்கொண்டுதான் அது இளைப்பாறும். வெறும் வலைக் கூண்டில் இரண்டுமே கிடையாது. நீந்துவதில் கெட்டிக்காரன் அல்லாத லம்ப் மீனை நீரோட்டம் கடுமையாக உள்ள இடத்தில் விட்டால், ஒட்டிக்கொள்ள இடமின்றி நீந்தி நீந்தியே ஓய்ந்துபோகும். கடற்பாசித் தழை போன்ற பிளாஸ்டிக் நாடாக்களைக் கொத்தாகத் தொங்கவிடுவதும், வழவழப்பான தகடுகளை வைப்பதும், அவற்றை அவ்வப்போது கழுவுவதும் எளிய வேலைகள். சாவு குறைவதற்கு முதற்படி இவைதாம். ஒரு மீனை வேலைக்கு எடுத்தவர், அது எங்கே தூங்கும் என்று யோசிக்கவே பல ஆண்டுகள் ஆனது என்பதை நினைத்தால் எனக்கு வேதனையாக இருக்கிறது.

நம்பிக்கை: மருந்து அடிப்பதைவிட இது இயற்கை வழி, ஆகவே நல்ல வழி.

பாதி உண்மை. பேன் மருந்துகளுக்குப் பேன்கள் பழகிவிட்டன என்பதும், மருந்து கலந்த நீர் கூண்டுக்கு வெளியே இறால், நண்டு இனங்களைப் பாதிக்கும் என்பதும் சரி. ஆனால் யாருக்கு நல்லது என்று கேட்க வேண்டும். நார்வே உணவுப் பாதுகாப்புத் துறை 2018, 2019-ல் பண்ணைகளில் நடத்திய சோதனையில், துப்புரவு மீன்களின் பதிவான சாவே நூற்றுக்கு 40-ஐத் தாண்டியது. சின்ன மீன் செத்தால் சீக்கிரம் கரைந்துபோகும், எண்ணிக்கையில் வராது. உண்மைச் சாவு அதைவிட அதிகம் என்பதை அத்துறையும் ஒளிக்கவில்லை.

இவை எப்படிச் சாகின்றன என்று பார்த்தால் இயற்கை என்ற சொல்லுக்கு அங்கே இடமில்லை. பேன் அளவு மீறினால் சால்மனை வெதுவெதுப்பான நீரில் முக்கியும், நீர்ப்பீச்சாலும் தூரிகையாலும் உரசியும் பேனை உதிர்க்கிறார்கள். சால்மனே அந்த முறைகளில் அடிபடும். சால்மனை உறிஞ்சும் குழாய்க்குள் கூடவே போய்விடும் லம்ப் மீன் தாங்காது. அந்த வேலைக்கு முன்னால் துப்புரவு மீன்களைத் தனியே பிடித்தெடுக்க வேண்டும் என்கிறார்கள். ஆனால் பெருங்கூண்டில் மறைந்து திரியும் சின்ன மீனை முழுதாகப் பிடித்தெடுப்பது மிகக் கடினம். இது போக, ராஸ் மீன்களில் பெரும்பங்கு கடலிலிருந்தே பிடிக்கப்பட்டவை. கரையோரப் பாறைகளில் வாழ்ந்ததைப் பொறி வைத்துப் பிடித்து, தொட்டியில் ஏற்றி, நெடுந்தொலைவு கொண்டுபோய் விடுகிறார்கள். பிடித்த இடத்தில் அந்த இனம் குறைவது இன்னொரு கணக்கு.

அப்படியானால் குஞ்சு பொரித்து வளர்த்தால் போதுமா? லம்ப் மீன் அப்படித்தான் வளர்க்கப்படுகிறது. கடலில் பிடிப்பது குறைந்தது, நோய் குறையவில்லை. தடுப்பூசி போட்டும் பாக்டீரியா நோய்கள் அதைத் தாக்குகின்றன. துடுப்பு அரிப்பும் கண்புரையும் பண்ணை லம்ப் மீன்களில் அடிக்கடி காணப்படுபவை. குளிர்நீர் மீனான அது கோடைவெப்பத்தில் தளரும், ராஸ் மீனோ பனிக்காலத்தில் முடங்கிவிடும். எந்தப் பருவத்தில் எந்த மீனை விடுவது, எப்போது விடாமலே இருப்பது என்ற முடிவு, எத்தனை லட்சம் குஞ்சு வாங்குவது என்பதைவிடப் பெரியது.

நம்பிக்கை: மீனுக்கு ஏது வலி?

2003-ல் ஸ்காட்லாந்தில் லின் ஸ்னெடனும் உடனிருந்த ஆய்வாளர்களும் ட்ரவுட் மீனின் தலையில் வலியுணரும் நரம்பு முனைகள் இருப்பதைக் காட்டினார்கள். உதட்டில் அமிலம் செலுத்திய மீன்கள் உதட்டைத் தொட்டியின் சரளைக் கற்களில் தேய்த்தன, உடலை ஆட்டின, மணிக்கணக்கில் இரை எடுக்கவில்லை. வலி மருந்தான மார்ஃபின் கொடுத்ததும் அந்த நடத்தை குறைந்தது. நம் பாரில் வாழும் அதே நீலத் துப்புரவு மீனை வைத்து ஜப்பானின் ஒசாகாவில் மசானோரி கோடாவின் குழு செய்த ஆய்வு 2019-ல் வெளிவந்தது. தொண்டைக்குக் கீழே ஒரு புள்ளி வைத்து, கண்ணாடியைக் காட்டினார்கள். மீன் கண்ணாடியில் பார்த்துவிட்டுத் தன் தொண்டையைத் தரையில் உரசித் துடைக்க முயன்றது. இதை எப்படிப் பொருள்கொள்வது என்பதில் அறிஞர்களிடையே வாதம் இருக்கிறது. ஆனால் உணர்வற்ற சதைத் துண்டு என்று இனி யாரும் சொல்ல முடியாது.

நம்பிக்கை: வீட்டுத் தொட்டியில் ஒன்று விட்டால் மற்ற மீன்களுக்கு நோயே வராது.

வண்ணமீன் வாங்குவோர் தயவுசெய்து இதைக் கேட்க வேண்டும். ஆஸ்திரேலியப் பவளத் திட்டில் ஆய்வாளர் லெக்சா கிரட்டர் கணக்கிட்டபடி, ஒரு துப்புரவு மீன் ஒரு நாளில் சுமார் 1,200 ஒட்டுண்ணிகளைத் தின்கிறது. பத்து மீன் உள்ள கண்ணாடித் தொட்டியில் அத்தனைக்கு எங்கே போவது? வேறு இரைக்குப் பழகாமலே பல மீன்கள் மெலிந்து சாகின்றன. கடையில் விற்பவை ஏறக்குறைய எல்லாமே பாரிலிருந்து பிடிபட்டவை. பாரில் அது இல்லாமல் போனால் நடப்பது என்ன என்பதையும் ஆஸ்திரேலியாவில் பார்த்தார்கள். சில திட்டுகளிலிருந்து துப்புரவு மீன்களை அகற்றி, எட்டரை ஆண்டு அப்படியே வைத்திருந்தார்கள். அங்கே நிலையாக வாழும் மீன்களின் எண்ணிக்கை நூற்றுக்கு 37-ம், இன வகைகள் நூற்றுக்கு 23-ம் குறைந்திருந்தன. 2010-லும் 2016-லும் வெளுத்துப்போய் இன்னும் தேறிக்கொண்டிருக்கும் நம் பார்களுக்கு இந்த இழப்பையும் சேர்த்துக் கொடுக்கக் கூடாது. தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை உள்ள தீவுகள் 1986-ல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. அங்கே மீன் பிடிப்பதே குற்றம்.

நம்பிக்கை: நார்வே கதை நம் கரைக்கு எதற்கு?

நார்வேயின் மீன்பிடி நுட்பம் நம் கடலுக்கு வருவது முதல் முறை அல்ல. 1952-ல் ஒப்பந்தமாகி, கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் தொடங்கிய இந்திய நார்வே திட்டம் 1960-களில் மண்டபத்துக்கும் வந்தது. விசைப்படகும் இழுவலையும் பரவியதில் அதற்குப் பங்கு உண்டு. படகு வந்த வேகத்தில் கடலைக் காக்கும் ஒழுங்கு வரவில்லை. அதன் விலையை நாட்டுப்படகுக்காரர்கள் இன்னும் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது கூண்டின் முறை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 2010-ல் மண்டபத்தில் கடல் விரால் என்னும் கோபியாவைக் குஞ்சு பொரிக்க வைத்தது. இந்தியாவில் அதுவே முதல் தடவை. அதன்பின் ராமநாதபுரம் கரையில் மீனவர் குழுக்கள் கூண்டு போட்டன. 2020-ல் வந்த பிரதமர் மத்ஸ்ய சம்பதா திட்டம் கடல் கூண்டுக்கு மானியம் தர முன்வந்தது. நம் கடலில் சால்மன் பேன் கிடையாது, லம்ப் மீனும் 28, 30 டிகிரி நீரில் உயிர்வாழாது. ஆனால் கடல் விராலின் தோலில் ஒட்டும் தட்டைப்புழு இங்கே உண்டு. இப்போதைக்கு மீனைச் சில நிமிடம் நல்ல தண்ணீரில் முக்கிப் புழுவை உதிர்க்கிறார்கள். பிடிப்பதும் முக்குவதும் மீனுக்குப் பாடுதான். வெப்பக்கடலுக்கு ஏற்ற துப்புரவு உயிரைத் தேடும் வேலை தொடங்கிவிட்டது. ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகம், துப்புரவு இறால்கள் இதே வகைத் தட்டைப்புழுவைக் கலவா இனத்திலிருந்து நீக்குவதை 2018-ல் காட்டியது. அந்த யோசனை நம் கூண்டுக்கு வரும் நாள் வெகுதூரத்தில் இல்லை. வரும்போது இறாலுக்குத் தீனியும் மறைவிடமும் சேர்ந்தே வர வேண்டும்.

நம்பிக்கை: கடல் உயிரின் நலன் பார்ப்பதெல்லாம் பணக்கார நாட்டு ஆடம்பரம்.

தூத்துக்குடிக்காரர்கள் இதைச் சொல்லக் கூடாது. 1973-ல் ஆய்வாளர் கே. அழகர்சாமியும் உடனிருந்தவர்களும் இங்கே வேப்பலோடையில் இந்தியாவின் முதல் வளர்ப்பு முத்துகளை எடுத்தார்கள். முத்து வளர்வதற்கான கருவை வைக்கச் சிப்பியின் உடலைக் கீற வேண்டும். இங்கே உருவான முறையில், கீறும் முன் கடல்நீரில் மென்தால் தூவிச் சிப்பியை மயக்கத்துக்குக் கொண்டுபோனார்கள். கருவை வைத்தபின் ஓடும் நீரில் தெளியவிட்டு, சில நாள் ஆய்வகத்திலேயே வைத்துப் பார்த்த பிறகே மிதவைக்கு அனுப்பினார்கள். மிதவையிலும் அவ்வப்போது எடுத்து, ஓட்டில் ஏறிய கொட்டலசையைச் சுரண்டிக் கழுவினார்கள். முத்துக்காகத்தான் செய்தார்கள், உண்மை. ஆனாலும் நொந்த சிப்பி கருவை உமிழ்ந்துவிடும் அல்லது செத்துவிடும் என்பதை அவர்கள் கண்டு, அதன் தேவைக்கு ஏற்ப வேலையை மாற்றிக்கொண்டார்கள். 1961-க்குப் பிறகு முத்துக்குளிப்பே நடக்காத கரையில், கையில் இருக்கும் அறிவு இது.

சட்டத்திலும் மீன் விலகி நிற்கவில்லை. 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், மனிதன் அல்லாத எந்த உயிரையும் விலங்கு என்றே கொள்கிறது. கூண்டுக்கு மானியம் தரும்போது, வாரந்தோறும் செத்த மீன் எத்தனை, எதனால் செத்தது என்ற இரண்டு பத்திகள் கொண்ட ஒரு குறிப்பேட்டைக் கட்டாயமாக்கலாம். துப்புரவுக்கென்று வேறோர் உயிரை விட்டால் அதற்குத் தனி ஏடு வேண்டும். எண்ணத் தொடங்கிய பிறகே நார்வேக்குத் தன் கூண்டுகளில் நடப்பது தெரிந்தது. நம் கூண்டுகள் இன்னும் சிலவாக இருக்கும்போதே இதைத் தொடங்குவது எளிது.